பசியிலிருந்து தொடங்குங்கள்: மலையகத்தில் ஆயுர்வேதம் அறிய விரும்புவோருக்கு

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் 12 ஆண்டுகள் துண்டுக்கு மருந்து நிறுத்துக் கொடுத்தேன். ஒரு ஜூலை மாதம், மழை விடாமல் கொட்டிய நாளில், ஒரே லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, சேர்ந்த இரண்டு பெண்கள் கடைக்கு வந்தார்கள். வைத்தியர் எழுதிய துண்டு ஒருவரிடம்தான் இருந்தது. "அண்ணன், இதையே இரண்டு பங்காகக் கட்டிக் கொடுங்கள். இவளுக்கும் அதே இருமல்தான்" என்றார்.

இருவரையும் உட்காரவைத்துக் கேட்டேன். துண்டு வைத்திருந்தவருக்குச் சளி கெட்டியாக வருகிறது, சாப்பாட்டைப் பார்த்தாலே வயிறு நிறைந்ததுபோல் இருக்கிறது, காலையில் எழ முடியாமல் உடம்பு கனக்கிறது. மற்றவருக்குச் சளியே இல்லை. தொண்டை வறண்டு அரிக்கிறது, இரவில் இருமல் கூடுகிறது, உதடு வெடித்திருக்கிறது. முதலாமவரின் துண்டில் இருந்தவை சுக்கு, திப்பிலி, ஆடாதோடை. சளியை உலர்த்தி அறுக்கும் சரக்குகள். ஏற்கெனவே வறண்டுபோன தொண்டைக்கு அவற்றைக் கட்டிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாமவரை வைத்தியரிடமே அனுப்பினேன். மறுநாள் அவர் கொண்டுவந்த துண்டில் திப்பிலி இல்லை, அதிமதுரம் இருந்தது.

ஆயுர்வேதத்தைப் புதிதாக அறிய வருபவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். அங்கே இருமலுக்கு மருந்து கிடையாது. இருமுகிற ஆளுக்குத்தான் மருந்து. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஆளை, அதாவது உங்களை, நீங்களே கவனிக்கக் கற்றுக்கொள்வதற்காக எழுதப்பட்டவை.

முதல் படி: யாரிடம் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தோட்டப்புறத்தில் இலை, வேர், எண்ணெய் எல்லாவற்றையும் "சிங்கள மருந்து" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது பல ஓடைகள் கலந்த ஆறு. வடமொழி நூல்கள் வழியாக வந்த ஆயுர்வேதம், தமிழ்ச் சித்தர் மரபில் வந்த சித்த வைத்தியம், அரபு வழியில் வந்த யூனானி, இவற்றோடு எலும்பு முறிவு, விஷக்கடி என்று தனித்தனிக் குடும்பங்கள் காத்துவந்த உள்ளூர் வைத்தியம். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இவை அனைத்தையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆயுர்வேத மருத்துவ சபையில் வைத்தியர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆகவே நீங்கள் போகும் வைத்தியர் பதிவு பெற்றவரா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல வைத்தியர் பதிவுச் சான்றிதழைச் சுவரிலேயே மாட்டிவைத்திருப்பார்.

அரசாங்க ஆயுர்வேத வைத்தியசாலைகளில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. பஸ் செலவும் அரைநாள் சம்பளமும் போகும் என்பது உண்மைதான். ஆனாலும் பெயர் தெரியாத போத்தலைச் சந்தையில் வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டாம் படி: வாதம், பித்தம், கபம் என்ற மூன்றையும் குணங்களாகப் பாருங்கள்

இந்த மூன்று சொற்களும் நமக்குப் புதியவை அல்ல. "பித்தம் தலைக்கேறிவிட்டது" என்று வீட்டில் திட்டு வாங்காதவர் யார்? ஆனால் இவற்றை உடம்புக்குள் ஓடும் மூன்று திரவங்கள் என்று நினைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். குணங்களின் கூட்டமாகப் பார்த்தால் எளிது.

வாதம் என்பது வறட்சி, குளிர்ச்சி, இலேசு, அசைவு. ஐந்து பூதங்களில் காற்றும் ஆகாயமும் சேர்ந்தது. பித்தம் என்பது சூடு, கூர்மை, சிறிது நெய்ப்பு. நெருப்போடு நீர் சேர்ந்தது. கபம் என்பது கனம், மந்தம், குளிர்ச்சி, வழுவழுப்பு. நீரும் நிலமும் சேர்ந்தது. மூன்றும் எல்லா உடம்பிலும் உண்டு, மூன்றும் வேண்டும். அசைவு இல்லாமல் மூச்சு இல்லை, சூடு இல்லாமல் செரிமானம் இல்லை, வழுவழுப்பு இல்லாமல் மூட்டு மடங்காது. ஒன்று தன் அளவை மீறும்போதுதான் அதைத் தோஷம் என்று பழிக்கிறோம்.

இதற்கு மேல் ஒரே ஒரு விதி. ஒத்த குணம் கூட்டும், எதிர்க் குணம் குறைக்கும். ஆயுர்வேதச் சிகிச்சையில் பெரும்பகுதி இந்த விதியின் மேல்தான் நிற்கிறது.

இதை நம் மலைகளில் வைத்துப் பாருங்கள். மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை. ஈரம், குளிர், வெயில் காணாத நாட்கள். உடம்பு கனக்கிறது, சளி கட்டுகிறது. அதே மாதங்களில் மலைத்தொடரின் மறுபக்கம், பண்டாரவளையிலும் பதுளையிலும், மழையை இந்தப் பக்கமே கொட்டிவிட்ட காற்று வறண்டு வீசுகிறது. அங்கே தோல் வெடிக்கிறது, மூட்டு நோகிறது. ஒரே மலையகம் என்றும் ஒரே மாதம் என்றும் பார்த்து ஒரே கஞ்சியை இரு பக்கத்துக்கும் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தாருக்கு மிளகும் இஞ்சியும் கூட்டிய சூடான இரசம் பொருந்தும். அந்தப் பக்கத்தாருக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பதும் கொஞ்சம் நெய்யும் பொருந்தும். எந்தப் புத்தகத்தையும்விட உங்கள் ஊர்க் காற்று இதை விரைவாகக் கற்றுக்கொடுக்கும்.

மூன்றாம் படி: பசியைக் கவனியுங்கள்

இந்தப் படியில்தான் நீங்கள் அதிக நாள் நிற்க வேண்டும். ஆயுர்வேதம் செரிக்கும் ஆற்றலை அக்கினி என்கிறது. மருந்தே ஆனாலும் அக்கினி அதைச் செரித்தால்தான் மருந்து என்பது அதன் கணக்கு.

அக்கினி நான்கு விதமாக இருக்கும். நேரத்துக்குப் பசித்து, உண்டது அலுப்பில்லாமல் செரித்தால் சமம். ஒருநாள் பசித்து ஒருநாள் பசிக்காமல், வயிறு உப்பி இரைந்தால் விஷமம், அதில் வாதம் கூடியிருக்கிறது. உண்ட சிறிது நேரத்திலேயே மீண்டும் பசித்து நெஞ்சு எரிந்தால் தீட்சணம், அது பித்தத்தின் வேலை. கொஞ்சம் சாப்பிட்டாலே மணிக்கணக்கில் கனத்தால் மந்தம், கபம் மிகுந்திருக்கிறது.

மழைக்காலத்தில் லயத்து அடுப்பை மூட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நெருப்பு பிடிக்கும் முன் ஈர விறகைத் திணித்தால் தீ எரியாது, புகைதான் வரும், சட்டியின் அடியில் கரிப்பிசின் படியும். அக்கினி மந்தமாக இருக்கும்போது மேலே மேலே உணவு போட்டால் அப்படி அரைகுறையாய் நிற்பதை ஆமம் என்று ஆயுர்வேதம் பெயரிட்டிருக்கிறது. காலையில் நாக்கில் தடித்த வெள்ளைப் படிவு, வாய் நாற்றம், தூங்கி எழுந்தும் தீராத அசதி ஆகியவை அதன் அடையாளங்கள் என்பார்கள்.

ஆகவே வைத்தியரிடம் போகும் முன் ஒரு பயிற்சி கொப்பியை எடுத்து 14 நாள் எழுதுங்கள். காலையில் பல் துலக்கும் முன் நாக்கு எப்படி இருந்தது, பசி எத்தனை மணிக்கு வந்தது, என்ன சாப்பிட்டீர்கள், மலம் இலகுவாகப் போனதா, தூக்கம் எப்படி. ஐந்தே வரி. பிள்ளைகளைக் கொண்டு எழுதவைத்தாலும் சரி.

எழுதிப் பார்த்தால் நம் நாளின் உருவம் தெரியும். விடியுமுன் எழுந்து, எல்லோருக்கும் ரொட்டி தட்டி, தான் மட்டும் ஒரு கோப்பை சாயத்தண்ணீரோடு (பால் இல்லாத தேநீர்) பிரட்டுக்கு, அதாவது காலையில் தோட்ட வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, ஓடுகிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் அம்மா அப்படித்தான் ஓடினார். வெறும் வயிறு, குளிர் காற்று, மத்தியானம்வரை நின்ற நிலை, பிறகு ஆறிப்போன ரொட்டி. வறட்சி, குளிர்ச்சி, ஒழுங்கற்ற நேரம் என்று வாதத்தைக் கூட்டும் எல்லாமே அந்த ஒரு நாளில் இருக்கிறது. வயிற்று உப்புசத்துக்கும் இடுப்பு வலிக்கும் மருந்து கேட்டு வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு வைத்தியர்கள் முதலில் எழுதியது, பிரட்டுக்கு முன் ஒரு கோப்பை சூடான கஞ்சி.

வல்லாரை இலைக்கஞ்சி செய்யச் சிவப்பரிசி, ஒரு கை இலைச்சாறு, தேங்காய்ப்பால், உப்பு போதும். முதல் நாள் இரவே அரிசியை வேகவைத்துவிட்டால் காலையில் பத்து நிமிட வேலை. இலைச்சாற்றைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். அளவைப் பொறுத்தவரை, வயிற்றில் இரண்டு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு காலி என்பது பழைய விதி. முன் உண்டது செரித்த பின்தான் அடுத்த உணவு. வேலைநாளில் நேரத்தை நாம் முடிவு செய்ய முடியாவிட்டாலும் சூட்டையும் அளவையும் நாம் முடிவு செய்யலாம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் கடந்து போக முடியாது. இயல்பாக எழும் வேகங்களை அடக்கக் கூடாது என்று சரகர் பெயரால் வழங்கும் பழைய நூல் 13 வேகங்களை எண்ணிச் சொல்கிறது. சிறுநீர், மலம், பசி, தாகம், தும்மல், தூக்கம், கண்ணீர் எல்லாம் அதில் உண்டு. தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் கழிப்பறை இல்லாததால் காலை முதல் மத்தியானம்வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். தாகத்தையும் சிறுநீரையும் ஒன்றாக அடக்குகிறார்கள். சிறுநீர் எரிச்சலுக்குத் தேங்காய்ப்பூக்கீரையும் நெருஞ்சிலும் நான் எத்தனையோ முறை கட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பொட்டலத்தைக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும், வேண்டியது மலையில் ஒரு கழிப்பறை என்றுதான் மனம் அடித்துக்கொள்ளும். முடிந்தவரை தண்ணீர்ப் போத்தலைக் கூடையோடு எடுத்துப் போங்கள், அடக்காதீர்கள். எரிச்சலோடு காய்ச்சலோ முதுகுவலியோ இருந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான்காம் படி: ஆறு சுவை

இனிப்பு, புளிப்பு, உப்பு ஆகிய மூன்றும் வாதத்தைத் தணித்துக் கபத்தைக் கூட்டும். கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு ஆகிய மூன்றும் கபத்தைத் தணித்து வாதத்தைக் கூட்டும். பித்தத்தைத் தணிப்பவை இனிப்பு, கைப்பு, துவர்ப்பு. கூட்டுபவை மற்ற மூன்று. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். தட்டில் எந்தச் சுவை எப்போதும் இல்லை என்று மட்டும் பாருங்கள். நம் தட்டில் பெரும்பாலும் கைப்புதான் காணாமல் போயிருக்கும். வாரத்தில் இரண்டு நாள் பாகற்காயோ முருங்கை இலையோ சேருங்கள். தேநீர் துவர்ப்பு. நாளுக்கு ஏழெட்டுக் கோப்பை குடித்துவிட்டு மலச்சிக்கலுக்கு மருந்து கேட்பவர்கள் அதையும் கொப்பியில் எழுதுங்கள்.

"நான் பித்த உடம்பு, நான் கப உடம்பு" என்று பத்துக் கேள்வியில் தீர்ப்புச் சொல்லும் அட்டவணைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிறவியில் அமைந்த இயல்பு ஒன்று, இன்றைக்கு மீறி நிற்கும் தோஷம் இன்னொன்று. இரண்டையும் பிரித்தறிய அனுபவமுள்ள வைத்தியருக்கே சில சந்திப்புகள் தேவைப்படும்.

ஐந்தாம் படி: வைத்தியர் முன் உட்காரும்போது

நாடி, சிறுநீர், மலம், நாக்கு, குரல், தொடுகை, கண், தோற்றம் என்ற எட்டையும் பார்ப்பது முறை. நாடியை மட்டும் தொட்டுவிட்டு எல்லாம் தெரிந்தது என்பவரிடம் எனக்குத் தயக்கம் உண்டு. நல்ல வைத்தியர் நிறையக் கேட்பார். நான் அருகில் இருந்து பார்த்த ஒரு பேச்சு இப்படிப் போனது.

"அம்மா, தூக்கம் எப்படி?"

"தூக்கம் வருகிறது ஐயா, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது."

"விழித்ததும் என்ன செய்வீர்கள்?"

"எழுந்து தேங்காய் துருவுவேன்."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

கொப்பியை எடுத்துப் போங்கள். நீங்கள் எடுத்துவரும் ஆங்கில மருந்துகளின் அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நீரிழிவு, அழுத்தம், கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள். எடுத்துக்காட்டாக, அதிமதுரம் இரத்த அழுத்தத்தைக் கூட்டக் கூடியது. அழுத்தம் இருப்பதைச் சொல்லாவிட்டால் வைத்தியர் எப்படித் தவிர்ப்பார்? மொழி தடையாக இருந்தால் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரோடு போங்கள். "எரிகிறது" என்பதற்கும் "குத்துகிறது" என்பதற்கும் மருந்தே மாறிவிடும். எழும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை நாள், உணவுக்கு முன்னா பின்னா, எதோடு சேர்த்து, எதைத் தவிர்க்க வேண்டும். மருந்தைத் தேனோடா, வெந்நீரோடா, பாலோடா எடுப்பது என்பது அனுபானம். அது மருந்தின் பாதி. தேனைச் சூடாக்கக் கூடாது என்பது ஆயுர்வேதத்தின் உறுதியான விதி. கசாயம் இளஞ்சூட்டுக்கு வந்த பிறகே கலக்குங்கள். துண்டில் தேன் என்று இருந்தால் கித்துள் பனையின் பாணியை ஊற்றிச் சமாளிக்க வேண்டாம், இரண்டும் வேறு.

ஆறாம் படி: கசாயம் காய்ச்சுவது

தடிமன் எனும் ஜலதோஷத்துக்கும் உடம்பு வலிக்கும் இலங்கை முழுவதும் தெரிந்த "பஸ்பங்குவ" ஐந்து சரக்கால் ஆனது. கொத்தமல்லி, இஞ்சி, பற்பாடகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள். ஒருநாள் கசாயத்துக்குப் பழைய கணக்கில் மொத்தம் 12 களஞ்சு, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 60 கிராம். ஐந்துக்கும் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 12 கிராம். நான் கடையில் இருந்தபோது மரமஞ்சள் கட்டையை வெட்டி எடுத்த உள்ளங்கையில் மஞ்சள் கறை இரண்டு நாள் நிற்கும். கறையே விடாத கட்டையை நான் வாங்கிவைத்ததில்லை. மரமஞ்சள் காட்டில் அருகிவரும் கொடி. காட்டுக்குப் போய் வெட்டி வராதீர்கள், கடையில் வாங்குங்கள்.

எட்டுக் கோப்பை நீர், ஒரு கோப்பையாக வற்ற வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். கண்ணளவில் பார்த்து, பாதி வற்றியதும் இறக்கிவிடுகிறார்கள், அல்லது அடிப்பிடிக்க விடுகிறார்கள். அதற்கு ஒரு எளிய வழி. மண்சட்டியில் முதலில் ஒரே ஒரு கோப்பை நீரை ஊற்றுங்கள். சுத்தமான குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, நீர் நிற்கும் இடத்தில் நகத்தால் கீறுங்கள். பிறகு மீதி ஏழு கோப்பையை ஊற்றி, கழுவி இடித்த சரக்கைப் போடுங்கள். மூடாமல் சிறு தீயில் காய்ச்சுங்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். சரக்கு ஊறி இடத்தை அடைப்பதால் நீர்மட்டம் கீறலுக்குச் சற்று மேலே நிற்கும்போதே இறக்கித் துணியில் பிழிந்தால் ஒரு கோப்பை கிடைக்கும். அரைக் கோப்பை காலை, அரைக் கோப்பை மாலை. மறுநாளுக்கு வைக்கக் கூடாது. மண்சட்டி இல்லையென்றால் எவர்சில்வர் போதும், அலுமினியம் வேண்டாம்.

மழைக்காலத்தில் பொட்டலங்களை அடுப்பங்கரைச் சுவரோரம் வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். மூடியுள்ள தகரத்தில் போட்டு, வெயில் அடிக்கும் நாளில் ஒருமுறை காயவையுங்கள். வெள்ளைப் பூஞ்சணம் கண்டால் எறிந்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியது என்று மனம் கேட்காது, ஆனாலும் எறியுங்கள்.

ஏழாம் படி: பத்தியம்

மருந்தின் வேலைக்கு எதிராக உணவு வேலை செய்யாமல் பார்த்துக்கொள்வதுதான் பத்தியம். சளிக்கு மருந்து எடுக்கும்போது தயிரை நிறுத்தச் சொல்வது அதனால்தான். ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் கடைப்பிடிப்பது எளிது. இல்லையென்றால் மூன்றாம் நாளே மனம் தளரும். மாதக்கணக்கில் பத்தியம் சொல்லி உடம்பை மெலியவைப்பவரிடம், பிள்ளைத்தாய்ச்சிகளும் பாலூட்டும் தாய்மாரும் கட்டாயம் மறுகேள்வி கேட்க வேண்டும்.

எட்டாம் படி: எப்போது கசாயத்தை ஒதுக்கிவைப்பது

நெஞ்சுவலி, முகம் கோணுதல், கை கால் விழுதல், மூச்சு முட்டுதல், பாம்புக்கடி. இவற்றில் ஒன்று வந்தால் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் சேவை இலவசம். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை வேண்டும். டெங்குவும் எலிக்காய்ச்சலும் முதலில் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் தொடங்கும். அட்டை கடித்த காலோடு சேற்றில் நிற்பவர்கள் எலிக்காய்ச்சலை மறக்கவே கூடாது. இன்சுலினையோ அழுத்த மாத்திரையையோ "இனி வேண்டாம்" என்று எந்த வைத்தியர் சொன்னாலும், ஆஸ்பத்திரி டொக்டரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பாதரசம், ஈயம் சேர்ந்த மருந்துகள் உலகில் பல இடங்களில் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுத்திருக்கின்றன. ஆகவே பெயரும் தயாரித்தவர் முகவரியும் இல்லாத பொடியையும் குளிகையையும் வாயில் போடாதீர்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ மருந்தை அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒன்பதாம் படி: திரும்பப் போகும் நாள்

சுகம் தெரிந்ததும் பலர் போவதில்லை. சுகம் தெரியாவிட்டாலும் போவதில்லை, வேறு வைத்தியரைத் தேடுகிறார்கள். சொன்ன நாளில் அதே வைத்தியரிடம் கொப்பியோடு போங்கள். உடம்பு மாறியிருந்தால் துண்டும் மாற வேண்டும். அதிமதுரத் துண்டோடு போன அந்தப் பெண் ஏழு நாள் கழித்துக் கடைக்கு வந்தபோது பழைய துண்டை நீட்டவில்லை. புதுத் துண்டில் நான்கே சரக்குதான் இருந்தது, நாளும் மூன்றாகக் குறைந்திருந்தது. மகளின் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்திருந்ததை எனக்கும் காட்டினார். ஆறாம் நாளுக்கு நேரே, பென்சிலில், "இரவில் இருமவில்லை. காலையில் பசித்தது" என்று இருந்தது.